மூன்று மார்ச் 31

சி.ஏ. இன்டர் தேறிய பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு எந்த ஆபீஸில் சேரலாம்? சிலர் இன்னொன்றையும் கேட்பார்கள். அதை நேராகக் கேட்க மாட்டார்கள். “பையன் கோச்சிங் கிளாஸ் போறான் மேடம், வாரத்துக்கு ஒரு நாள் வந்து தலை காட்டினா போதாதா?” என்று நாசூக்காக ஆரம்பிப்பார்கள். வேலைக்கே வராமல் கையெழுத்து கிடைக்குமா என்பதுதான் அதற்கு அர்த்தம். இரண்டு கேள்விக்கும் என் பதில் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. போனில் சொல்ல நேரம் போதவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். நம்மூரில் ஆடிட்டர் என்று சொல்கிறோமே, அந்தச் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் ஆவதற்குப் பரீட்சை மட்டும் பாஸ் செய்தால் போதாது. தொழில் நடத்தும் ஓர் ஆடிட்டரிடம் முழுநேரமாக வேலை பழக வேண்டும். அதுதான் ஆர்ட்டிகிள்ஷிப், பழகும் பிள்ளைகள் ஆர்ட்டிகிள்ஸ். எங்கள் காலத்தில் அது மூன்று வருஷம். 2023 ஜூலை 1 முதல் சேர்பவர்களுக்கு இரண்டு வருஷம். வாரத்துக்கு 35 மணி நேரம் வேலை. சேர்ந்த 30 நாளுக்குள் 103ஆம் நம்பர் படிவம் சி.ஏ. பரீட்சை நடத்தும் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்விட வேண்டும், தாமதமானால் அபராதம். முடிக்கும்போது 108ஆம் நம்பர் படிவம். இந்தத் தேதியில் சேர்ந்தார், இந்தத் தேதியில் முடித்தார், இத்தனை நாள் லீவு எடுத்தார் என்று பிரின்சிபல், அதாவது பயிற்சி தந்த ஆடிட்டர், கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். இப்போது அந்தக் கையெழுத்தைப் போடும் இடத்தில் நான் இருக்கிறேன். அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்று அந்தப் படிவம் என்னைக் கேட்பதே இல்லை.

இது நம் நாட்டுப் பழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்தின் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் சங்கம் 450 வேலை நாள் கேட்கிறது. ஏ.சி.சி.ஏ. என்ற இன்னொரு பிரிட்டிஷ் கணக்காளர் சங்கம் 36 மாதம் கேட்கிறது. அதோடு ஒன்பது வகை வேலைகளில் நீ என்ன செய்தாய் என்று எழுதிக்காட்டவும் சொல்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும், பொதுவாக ஒரு சி.பி.ஏ. (அங்கே உரிமம் பெற்ற ஆடிட்டருக்கு அப்படிப் பெயர்) பார்த்துச் சான்று தரும் ஒரு வருஷ வேலை. மணிக்கணக்கில் சொன்னால் 2,000 மணி நேரத்தை ஒட்டி வரும். கலிஃபோர்னியாவில் இருக்கும் என் தோழி உரிமம் வாங்கியபோது, ஆடிட் அறிக்கையில் கையெழுத்திடும் உரிமையும் வேண்டுமென்றால் தணிக்கை வேலையில் மட்டும் தனியாக 500 மணி நேரம் காட்ட வேண்டியிருந்தது. “மணி நேரத்தைத் தேடி ஆபீஸ் ஆபீஸா அலையறேன்டி” என்று புலம்புவாள். அவளுக்கு வேலை தெரியும். கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்த்தவள். ஆனால் அந்த வேலை அந்தக் கணக்கில் சேராது. ஒஹாயோ மாநிலம் இப்போது வேறு வழியும் திறந்திருக்கிறது: கல்லூரியில் ஐந்தாவது வருஷம் படிக்காமல், அதற்குப் பதில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாலும் சரி என்று 2025இல் சட்டம் கொண்டுவந்தார்கள்.

ஆக எல்லோரும் நாள், மாதம், மணி என்றுதான் எண்ணுகிறார்கள். வேறு எப்படி எண்ணுவது என்பது நியாயமான கேள்விதான். என்னைக் கேட்டால், கணக்கு வருஷம் முடியும் நாளான மார்ச் 31ஐ எண்ணச் சொல்வேன். ஒரே கிளையண்டிடம் எத்தனை மார்ச் 31 போனாய்?

நான் சேர்ந்தது 2010 ஆகஸ்டில், தி. நகரில் ஓர் ஆடிட்டரிடம். ஸ்டைபண்ட், அதாவது பயிற்சிக்காலத்தில் தரும் தொகை, முதல் வருஷம் மாதம் 1,000 ரூபாய், இரண்டாம் வருஷம் 1,250, மூன்றாம் வருஷம் 1,500. 20 லட்சத்துக்கு மேல் மக்கள் தொகை உள்ள ஊருக்கு அப்போதிருந்த குறைந்தபட்சத் தொகை அது. எங்கள் சார் அதற்கு மேல் ஒரு பைசா கொடுக்கவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. சேர்ந்த நாளே, “உங்கப்பா என்ன பண்றார்? வீட்டு வாடகை உன் சம்பளத்தை நம்பி இல்லையே?” என்று கேட்டுக்கொண்டார். பழைய காலத்தில் பயிற்சிக்குச் சேரும் பையன் வீட்டில்தான் ஆடிட்டருக்குப் பணம் கட்டினார்கள். அதைச் சொல்லிக்காட்டி, நாங்கள் வாங்குவதே பெரிய விஷயம் என்பது போலப் பேசுவார். போகட்டும், அந்தக் காசுக் கணக்கைப் பின்னால் பார்க்கிறேன்.

முதல் ஆறேழு மாதம் எல்லா ஆர்ட்டிகிள்ஸும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வவுச்சர் ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு பில்லுக்கும் லெட்ஜருக்கும் டிக் அடிப்பது. வங்கிக்குப் போய்ச் சலான் கட்டுவது. செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் கடைசித் தேதி என்பதால் அந்த மாதம் முழுக்க ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலேயே குடித்தனம். அந்த நாட்களும் பயிற்சி நாட்கள்தான், படிவத்தில் முழு நாளாகவே ஏறும்.

அப்புறம் 2011 மார்ச் கடைசியில் திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு ஸ்டாக் எடுக்க, அதாவது இருக்கும் சரக்கை எண்ணிப் பார்க்க, அனுப்பினார்கள். என்னோடு மூன்றாம் வருஷ சீனியர் ஒருவர். நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். மில் கெஸ்ட் ஹவுஸில் தங்கல், கேன்டீனில் சாப்பாடு.

அந்த வருஷம் பஞ்சு விலை பேய் பிடித்த மாதிரி ஏறியிருந்தது. சங்கர்-6 ரகம் ஒரு கேண்டி 60,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. கேண்டி என்றால் 356 கிலோ. கோடவுனில் பேல் பேலாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பேலும் சுமார் 170 கிலோ, மேலே லாட் நம்பரும் எடையும் எழுதிய அட்டை. நான் வரிசை வரிசையாக எண்ணி எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணா எண்ணவே இல்லை. வெளியே எடை மேடை பக்கம் போய், கேட் வாட்ச்மேனிடம் உள்வரவு நோட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

மதில் ஓரமாகத் தார்ப்பாய் போர்த்திய லாரி ஒன்று நின்றது. குஜராத் நம்பர். டிரைவர் அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். லாரி 30ஆம் தேதி ராத்திரியே வந்துவிட்டது, ஆள் கிடைக்காததால் சரக்கு இறங்கவில்லை. “இதுக்குப் பில் எப்ப என்ட்ரி போட்டிருக்காங்கன்னு போய்ப் பாரு” என்றார். உள்ளே போய் டேலியில் பார்த்தால், பில் மார்ச் 28 தேதியிட்டுக் கொள்முதலில் ஏறியிருந்தது. கொள்முதலில் இருக்கிறது, ஸ்டாக் லிஸ்ட்டில் இல்லை.

“100 பேல்,” என்றார் அண்ணா. “17 டன். கிட்டத்தட்ட 48 கேண்டி. போட்டுப் பாரு.”

60,000 என்று வைத்தாலே 28 லட்சத்துக்கு மேல் வந்தது. வாங்கின செலவு கணக்கில் இருக்கும், சரக்கு இருக்காது, அவ்வளவு லாபம் குறைந்து நிற்கும். ஸ்டோர் கீப்பர் எந்தத் தப்பும் செய்யவில்லை. இறங்காத சரக்குக்கு அவர் வரவு எழுத மாட்டார், எழுதவும் கூடாது. அக்கவுண்ட்ஸ் ஆளும் தப்பு செய்யவில்லை. பில் தபாலில் வந்தது, போட்டார். இரண்டு பேருக்கும் நடுவில், தார்ப்பாய்க்குக் கீழே 28 லட்சம் நின்றுகொண்டிருந்தது. பில்லும் சரக்கும் ஒரே வருஷக் கணக்கில் சேருகிறதா என்று பார்ப்பதைக் கட்-ஆஃப் என்பார்கள், புத்தகத்தில் இரண்டு பாரா படித்திருந்தேன். அந்த இரண்டு பாராவுக்கு டீசல் வாசனை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதோடு அந்த மார்ச் 31 முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை.

அந்த ஜனவரியில்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டிருந்தன. சாயம் போட ஆளில்லை என்றால் நூல் யார் வாங்குவார்? ஏப்ரல் தாண்டியதும் நூல் விலை சரிய, பஞ்சு விலையும் சில மாதங்களில் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. செப்டம்பரில் பேலன்ஸ் ஷீட் கையெழுத்தாகும் நேரம் மில் முதலாளி சென்னைக்கே வந்துவிட்டார். சார் அறையில் அவர்கள் பேசும்போது, மார்ச் ஸ்டாக் ஃபைலோடு மூலையில் உட்காரச் சொன்னார்கள்.

சரக்கை வாங்கிய விலைக்கும், விற்றால் கைக்கு வரும் விலைக்கும் எது குறைவோ அதில்தான் மதிப்பிட வேண்டும். இது ஊரறிந்த விதி. பஞ்சு மாதிரி மூலப்பொருள் என்றால் ஒரு சலுகை உண்டு: அதிலிருந்து வரும் நூல் அடக்க விலைக்குக் குறையாமல் விற்கும் என்றால் பஞ்சைக் குறைக்க வேண்டியதில்லை. முதலாளி வாதம் எளிமையானது. “மார்ச் 31ல மார்க்கெட் விலை அவ்வளவு இருந்துச்சுங்க. அதுக்கப்புறம் விழுந்தது அடுத்த வருஷக் கணக்கு. இந்த வருஷம் நஷ்டம் காட்டினா பேங்க்காரன் கடன் லிமிட்டைக் குறைச்சிடுவான்.”

சார் குரலை உயர்த்தவே இல்லை. என்னைப் பார்த்து, “ஏம்மா, மார்ச் 31ல இருந்த நூல் மூட்டையெல்லாம் எந்த பில்லுல போச்சு?” என்றார். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை விற்ற பில்களை லாட் வாரியாக ஏற்கெனவே எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். எதற்கென்று அதுவரை எனக்குப் புரியவில்லை. நீட்டினேன். அதே சரக்கு, அடக்க விலைக்குக் கீழே விற்றிருந்தது. “இது மார்க்கெட் நிலவரம் இல்லீங்க, உங்க பில்லு” என்றார் சார். இரண்டு காபி, நீண்ட மௌனம், கடைசியில் குறைத்துத்தான் போட்டார்கள். எவ்வளவு குறைப்பது என்பதில் கொஞ்சம் இழுபறி இருந்தது. அந்த இழுபறியில் சாரும் ஓரிரு இடங்களில் விட்டுக்கொடுத்தார். எல்லாம் இன்றைக்கு யோசித்தால் சரியென்றே படுகிறது.

மார்ச்சில் எண்ணிய மூட்டைக்குச் செப்டம்பரில் விலை கேட்பார்கள் என்பதை நாட்கணக்கு சொல்லித்தராது. எண்ணியவள்தான் உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும். ஸ்டாக் எடுக்க ஒருத்தர், பைனலைஸ் செய்ய வேறொருத்தர் என்று பிரித்துக் கொடுக்கும் பெரிய ஆபீஸ்கள் உண்டு. வேலை வேகமாக நடக்கும். பிள்ளைகள் பாதிக் கதையைத்தான் பார்ப்பார்கள்.

2012 மார்ச்சில் மறுபடி அதே மில், ஆனால் நான் பார்த்தது வேறு மில் போல இருந்தது. அது தமிழ்நாடே இருட்டில் கிடந்த காலம், ஞாபகமிருக்கும். மில் வளாகத்துக்குள் நுழையும்போதே ஜெனரேட்டர் சத்தம் காதைப் பிளந்தது. போன வருஷம் யாரும் கண்டுகொள்ளாத டீசல் டேங்க் இப்போது ஸ்டாக் லிஸ்ட்டில் முக்கியமான ஐட்டம். அளவுக் குச்சியை உள்ளே விட்டு எடுத்து, ஈரம் எதுவரை என்று பார்த்து எழுதினோம். மின்வாரியக் கரண்ட்டைவிட ஜெனரேட்டர் கரண்ட் இரண்டு மடங்குக்கும் மேலே செலவு.

கணக்கு முடிக்கும்போது சார் கேட்டது ஒன்றே ஒன்று: “யூகேஜி போன வருஷம் எவ்வளவு?” ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்பதை மில்காரர்கள் யூகேஜி என்பார்கள். போன வருஷ ஃபைலைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது. முதல் வருஷம் எதற்கென்று தெரியாமல், அண்ணா சொன்னதற்காக எழுதிவைத்த எண் அது. இந்த வருஷம் அது ஏறியிருந்தது. ஜெனரேட்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கொஞ்சம் ஏறும்தான், மேனேஜரும் அதையே சொன்னார். ஆனால் டீசல் செலவு அதையும் மீறி இடித்தது. ஜெனரேட்டர் லாக் புக்கில் ஓடிய மணி நேரத்தைக் கூட்டி, மணிக்கு எத்தனை லிட்டர் என்று பெருக்கிப் பார்த்தால், வாங்கிய டீசலில் ஒரு பங்கு மிஞ்சியது. பெரிய மர்மமெல்லாம் இல்லை. மில் லாரிகளுக்கும் அதே டேங்கிலிருந்து ஊற்றி, மொத்தத்தையும் ஜெனரேட்டர் செலவில் எழுதியிருந்தார்கள். தலைப்பை மாற்றிப் போட்டார்கள், அவ்வளவுதான். லாபத்தில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. ஆனாலும் அந்த லாக் புக்கைத் தேடிப் போகும் எண்ணம், போன வருஷ எண் ஒன்று என் கையில் இல்லாமல் வந்திருக்காது.

(அந்த வருஷம்தான் கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட் வடிவமே மாறியது. கம்பெனிச் சட்டத்தின் ஆறாம் அட்டவணையைத் திருத்திவிட்டார்கள். போன வருஷ எண்களையும் புது வடிவத்துக்குப் பெயர்த்துப் போட வேண்டும். ஆபீஸே கிறுக்குப் பிடித்து அலைந்தது. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.)

2013இல் நான் சீனியர். என்னோடு வந்த ஜூனியர் பையனுக்குக் கேள்வி ஓயாது. நூல் கோடவுனில் ஒரு மூலையைக் காட்டி, “அக்கா, அந்த மூட்டையை ஏன் நீங்க எண்ணலை?” என்றான். வெளியார் பஞ்சு கொடுத்து நூற்கச் சொன்ன ஜாப் வொர்க் நூல் அது. மில்லில் கிடந்தாலும் மில் சரக்கில்லை. “அதை ஸ்டோர் கீப்பர் அண்ணே சொன்னாரா, நீங்க பார்த்தீங்களா?” என்றான் அடுத்து. அதற்கென்று டெலிவரி சலான் கட்டையும் ஜாப் வொர்க் ரிஜிஸ்டரையும் எடுத்து வைத்து, ஒவ்வொரு லாட்டையும் அவனோடு உட்கார்ந்து சரிபார்த்தேன். மத்தியானச் சாப்பாடு போய்விட்டது. இந்தப் பையனுக்கு விளக்கிச் சொல்லும்போதுதான், இந்த மில்லில் சரக்கு எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்பது முழுப் படமாக என் மண்டையில் உட்கார்ந்தது. அதற்கு மூன்றாவது மார்ச் 31 தேவைப்பட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் அந்த மில்லுக்குப் போனதே பெரிய விஷயம். பெண் பிள்ளைகளை அவுட்ஸ்டேஷன் ஆடிட்டுக்கு அனுப்பாத ஆபீஸ்கள் அப்போது ஏராளம், இப்போதும் உண்டு. கெட்ட எண்ணம் இல்லை. ராத்திரி பஸ், லாட்ஜ், ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்ற பயம். அதனால் பையன்கள் ஃபாக்டரி பார்ப்பார்கள். பெண்கள் ஆபீஸில் உட்கார்ந்து டி.டி.எஸ். வரி ரிட்டர்ன் போடுவார்கள். இரண்டு பேருக்கும் படிவத்தில் ஒரே மூன்று வருஷம். எங்கள் சார் என் அம்மாவிடம் போனில் பேசி, கெஸ்ட் ஹவுஸ் வார்டன் அம்மா நம்பரைக் கொடுத்து, டிக்கெட்டும் போட்டு அனுப்பினார். ஸ்டைபண்டில் கறாராக இருந்த அதே மனிதர்தான்.

நாட்டின் முதல் பெண் ஆடிட்டர் ஆர். சிவபோகம் நம் சென்னைக்காரர். ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி வேலூர் சிறையில் இருந்தவர். வெளியே வந்து சி.எஸ். சாஸ்திரியிடம் பயிற்சிக்குச் சேர்ந்து 1933இல் தேறினார். பரீட்சையும் முடிந்தது, பயிற்சியும் முடிந்தது. ஆனால் சிறைக்குப் போனவர் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று சட்டம் குறுக்கே வந்தது. வழக்குப் போட்டு ஜெயித்து, 1937இல்தான் தொழில் தொடங்கினார். பின்னாளில் நுங்கம்பாக்கத்திலிருந்து இயங்கும் தென்னிந்திய மண்டலக் கவுன்சிலுக்கு அவரே தலைவராகவும் இருந்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்ட சாஸ்திரியையும் நினைத்துப் பார்க்கிறேன். கதவைத் திறக்கும் பிரின்சிபல் ஒருத்தர் இல்லாமல் இந்தத் தொழிலுக்குள் யாரும் வர முடியாது. அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

அதே கதவைச் சாத்தவும் அவரால் முடியும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் கசப்பான பக்கம். என் சிநேகிதி ஒருத்தி மாட்டிய ஆபீஸில் பிரின்சிபலின் மகன் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுவதுகூட ஆர்ட்டிகிள்ஸ் வேலை. வேறு ஆபீஸுக்கு மாற வேண்டுமென்றால் 109ஆம் நம்பர் படிவத்தில் அவரே கையெழுத்துப் போட வேண்டும். அப்போது முதல் வருஷம் தாண்டிவிட்டால், உடல்நலம், கல்யாணம், அப்பாவுக்கு ஊர் மாற்றம் என்று இன்ஸ்டிட்யூட் ஒப்புக்கொள்ளும் காரணம் ஏதாவது காட்டவும் வேண்டியிருந்தது. “இங்கே ஒன்றும் கற்றுத்தரவில்லை” என்பது காரணமாக எடுபடாது. பல்லைக் கடித்துக்கொண்டு நாளை எண்ணினாள். நாட்கள் முடிந்தன, படிவம் வந்தது.

டம்மி ஆர்ட்டிகிள்ஷிப் என்பது இந்த நாட்கணக்கின் இன்னொரு பிள்ளை. காகிதத்தில் மட்டும் வேலை, ஆள் கோச்சிங் சென்டரில். ஸ்டைபண்ட் வங்கிக் கணக்குக்கு வரும், சில இடங்களில் ரொக்கமாகத் திரும்பிப் போகும். பிடிபட்டால் அந்தக் காலம் முழுக்க ரத்தாகலாம், ஆடிட்டர் மேலும் ஒழுங்கு நடவடிக்கை வரும். ஆனாலும் ஒழியவில்லை. ஏனென்றால் இதில் அந்தச் சமயத்தில் இரண்டு தரப்புக்குமே லாபம். எண்ணுவது நாளைத்தான் என்றால், நாளை மட்டும் தயாரித்துக் கொடுக்கும் ஆளும் வரத்தான் செய்வான். ஃபைனல் எழுதி முடித்து வரும் இந்தப் பிள்ளைகள் சிலரை நான் இன்டர்வியூ செய்திருக்கிறேன். கணக்குத் தரநிலைகளை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். “உள்வரவு நோட்டு யார் கையில் இருக்கும்?” என்றால் விழிக்கிறார்கள்.

இப்போது இரண்டு வருஷம் ஆகிவிட்டது. லீவும் சுருங்கிவிட்டது. எங்களுக்கு மூன்று வருஷத்துக்கு 156 நாள் அளவுக்கு லீவு உண்டு. பெரும்பாலும் பரீட்சைக்குப் படிக்க எடுப்போம். இவர்களுக்கு வருஷத்துக்கு 12 நாள். பதிலுக்கு, பயிற்சி முடிந்தபின் ஆறு மாதம் முழுக்கப் படித்துவிட்டு ஃபைனல் எழுதலாம். நாங்கள் கடைசி ஆறு மாதத்தில் பகலில் ஆடிட், ராத்திரி படிப்பு என்று செத்துப் பிழைத்தோம். வேலையும் படிப்பும் ஒன்றையொன்று தின்னாமல் பிரித்தது நல்ல யோசனைதான், அதில் எனக்கு மறுப்பில்லை.

காசு விஷயத்திலும் இது நல்லதுதான். 1,000 ரூபாயில் சென்னையில் ஒரு மாதம் ஓட்ட முடியாது. என்னால் முடிந்தது அப்பா சம்பாதித்ததால். என் பேட்சில் என்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன், விருத்தாசலம் பக்கத்துப் பையன், மேன்ஷன் வாடகை கட்ட முடியாமல் ஒன்றரை வருஷத்தில் விட்டுவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். குறைந்த கூலியில் ஒரு வருஷம் குறைந்தால் அவனைப் போன்றவர்கள் தாக்குப்பிடிப்பார்கள். ‘எங்க காலத்துல மூணு வருஷம்’ என்று மீசை முறுக்கும் என் வயது ஆடிட்டர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் போனது எந்த வருஷம் என்று பாருங்கள். ஜெராக்ஸும் டிக்கும் போகவில்லை. அந்த முதல் வருஷம் அப்படியே இருக்கிறது. போனது ஜூனியரைக் கூட்டிக்கொண்டு போகும் மூன்றாம் வருஷம். அதனால் என் ஆபீஸில் இரண்டு மாற்றம் செய்தேன். ஒருத்தர் எந்தக் கிளையண்டுக்கு ஸ்டாக் எடுத்தாரோ அவரேதான் அந்தக் கணக்கை முடிக்கும்வரை இருக்க வேண்டும், அடுத்த வருஷமும் அவரேதான் போக வேண்டும். வேலை ஒதுக்குவதற்கு இது தலைவலி. பரீட்சை, லீவு என்று ஓயாமல் இடிக்கும். இரண்டாவது, சேர்ந்த ஆறாவது மாதத்திலேயே, அடுத்துச் சேரும் பிள்ளைக்கு ஒரு கிளையண்டை இவர்தான் விளக்க வேண்டும். அரைகுறையாகத்தான் விளக்குவார்கள். பக்கத்து அறையிலிருந்து காதில் விழும்போது எழுந்து போய்த் திருத்தத் தோன்றும். இருந்தாலும் மூன்றாவது மார்ச்சை இப்படித்தான் எங்கேயாவது உள்ளே திணிக்க முடிகிறது. முழுதாக ஈடாகிறதா என்றால் இல்லை.

எல்லாக் கிளையண்டும் மில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இன்றைக்குப் பாதிக் கிளையண்டுகளுக்குக் கோடவுனே கிடையாது. சர்வர் எங்கேயோ இருக்கிறது, வவுச்சர் பி.டி.எஃப்.பாக வருகிறது. அங்கேயும் லாரி நிற்கும் மதில் ஓரம் ஒன்று இருக்கும். போன மாதம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், மார்ச்சில் பில் போட்டு ஏப்ரலில்தான் வேலையே தொடங்கிய ஒரு புராஜெக்டை இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தி எடுத்துக்கொண்டு வந்தாள். எப்படிப் பிடித்தாய் என்றேன். “போன வருஷம் இந்தக் கஸ்டமருக்கு மார்ச்சுல பில்லே இல்ல மேடம்” என்றாள்.

எனவே எந்த ஆபீஸ் என்று கேட்பவர்களுக்கு: பெயர்ப் பலகையையும் ஸ்டைபண்டையும் விசாரியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு அந்த ஆபீஸில் இப்போது இரண்டாம் வருஷத்தில் இருக்கும் ஒரு பிள்ளையைக் கீழே டீக்கடையில் பிடித்து, போன மார்ச் 31க்கு எங்கே போனாய், இந்த மார்ச் 31க்கு எங்கே போனாய் என்று கேளுங்கள். பெண் பிள்ளை சேரப் போகிறாள் என்றால், அங்கே இருக்கும் ஒரு பெண்ணிடமே கேளுங்கள். “எங்கேயும் போகல, ஆபீஸ்லதான் இருந்தேன்” என்று பதில் வந்தால், டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆபீஸைப் பாருங்கள்.